நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை

இதை எழுதுவதா, விடுவதா என்று ஒரு வாரமாக யோசித்தேன். நாற்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் எழுதிப் பழகிய கைக்கும் சில சொற்கள் கூசுகின்றன. அந்தக் கூச்சத்தால் யார் நட்டப்படுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தபோது, எழுதத்தான் வேண்டும் என்று பட்டது. முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும்.

கண்ணிவெடி அகற்றப்பட்ட காணிகளில் மீளக் குடியமர்ந்தவர்களைச் சந்திப்பதற்காகப் பளைக்குப் போயிருந்தேன். காலை எட்டு மணியளவில் ஒரு பாடசாலையைக் கடந்தபோது, வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு பெண் சாக்கை விரித்து அமர்ந்திருந்தார். பஸ்சுக்குக் காத்திருக்கிறார் என்று நினைத்தேன். பத்தரை மணிக்குத் திரும்பி வந்தபோதும் அவர் அங்கேயே இருந்தார். இடைவேளை மணி அடித்ததும் பக்கத்திலிருந்த பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே விரைந்தார். கால்மணி நேரத்தில் திரும்பி வந்து மறுபடியும் அதே சாக்கில் அமர்ந்தார்.

"பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்கப் போனனீங்களோ, தங்கச்சி?" என்று கேட்டேன்.

"இல்லை ஐயா. சலம் எடுக்கப் போனனான்."

பையைத் திறந்து காட்டினார். மெல்லிய பிளாஸ்ரிக் குழாய் ஒன்று, ஒரு துண்டு சவர்க்காரம், போத்தலில் தண்ணீர், மாற்று உடுப்பு ஒரு சோடி, பழைய துணிகள். மகளுக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதி மூடாமலேயே பிறந்த பிள்ளை. ஸ்பைனா பிபிடா என்று மருத்துவர்கள் சொல்வார்கள். பிறந்த சில நாட்களில் கொழும்பில் முதுகில் சத்திரசிகிச்சை நடந்தது. இரண்டு ஊன்றுகோல்களோடு நடக்கிறாள். கணக்குப் பாடத்தில் வகுப்பில் முதலாவது. ஆனால் சிறுநீர் அவளது கட்டுப்பாட்டில் இல்லை. குறித்த நேரத்தில் கதீற்றர் எனப்படும் அந்தக் குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். தாய் தென்னந்தோட்டத்துக் கூலி வேலையை விட்டுவிட்டார். காலை ஏழரையிலிருந்து பகல் ஒன்றரை வரை, இடைவேளையின் கால்மணி நேரத்துக்காக, ஆறு மணித்தியாலம் மரத்தடியில் இருக்கிறார்.

"மணக்குது எண்டு மற்றப் பிள்ளையள் தள்ளி இருக்கினமாம். ஒரு ரீச்சர் சொன்னா, வீட்டிலை ஒழுங்காப் பழக்கினாச் சரிவரும், நீங்கள் செல்லம் குடுத்துக் கெடுத்துப் போட்டியள் எண்டு. என்ரை பிள்ளை சோம்பேறி இல்லை ஐயா."

அந்த ஆசிரியையின் பெயரை நான் கேட்கவில்லை. அவர் கெட்டவரும் அல்லர். நமது சமூகம் நினைப்பதைத்தான் அவர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். ஆகவே எனது வாதம் அவரோடு அல்ல. "பழக்கினால் சரிவரும்" என்ற அந்த வாக்கியத்தோடுதான்.

முதலில் ஒரு பிள்ளையின் உடலில் நடப்பது என்ன என்று பார்ப்போம். சிறுநீர்ப்பை நிறைந்ததும் அந்தச் செய்தி முண்ணாண் வழியாக மூளைக்குப் போகிறது. "இப்போது வேண்டாம்", "இப்போது சரி" என்ற கட்டளை அதே வழியால் திரும்பி வருகிறது. முண்ணாணின் அடிப்பகுதியிலிருந்து புறப்படும் நரம்புகளே சிறுநீர்ப்பையைச் சுருக்குகின்றன, வாயிலைத் திறந்து மூடுகின்றன. அந்த நரம்புகள் பிறவியிலேயே சிதைந்திருந்தாலோ, செல்துண்டினாலோ, மரத்திலிருந்து விழுந்ததனாலோ அறுபட்டாலோ செய்தியும் இல்லை, கட்டளையும் இல்லை. பத்து வயதிலும் படுக்கையை நனைக்கும் பிள்ளையின் கதை வேறு. அங்கே நரம்புகள் முழுமையாக இருக்கின்றன. பெரும்பாலும் வயது ஏற ஏறச் சரியாகிவிடும். இங்கே கம்பியே இல்லை. கம்பி இல்லாத வீட்டில் ஆளியை எத்தனை தடவை அழுத்திப் பழகினாலும் மின்விளக்கு எரியுமா?

நனைவதுகூடப் பெரிய ஆபத்து அல்ல. சிறுநீர்ப்பை சுருங்கும் அதே வேளையில் வாயிலும் இறுகிக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அது 40 சென்ரிமீற்றர் நீரழுத்தத்தைத் தாண்டி நீடித்தால் சிறுநீரகங்களுக்குக் கேடு என்று 1980களின் தொடக்கத்திலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். சிறுநீர் மேல்நோக்கித் திரும்புகிறது, சிறுநீரகம் வீங்குகிறது, தொற்று மேல் தொற்று வருகிறது. பிள்ளைக்கு வலி தெரியாது. வலியைச் சொல்ல வேண்டிய நரம்புதானே இல்லாமல் போனது! இறுதியில் சிறுநீரகம் செயலிழந்து நிற்கும்போதுதான் வீட்டுக்குத் தெரியவரும். பம்பர்ஸ் கட்டிவிட்டு "நனையவில்லை, எல்லாம் நலம்" என்றிருக்கும் பிள்ளையின் சிறுநீரகம் சத்தமில்லாமல் அழிந்துகொண்டிருக்கலாம். நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அந்தக் குழாய் தேவைப்படுவது பாவாடை நனையாமல் இருப்பதற்காக மட்டுமல்ல. அந்தப் பிள்ளை முப்பது வயதைக் காண்பதற்காக.

இதற்கு மருந்து கண்டுபிடிக்க இனித்தான் யாராவது பிறந்து வரவேண்டுமா? இல்லை. முதலாம் உலகப் போரில் முள்ளந்தண்டில் காயமடைந்த சிப்பாய்களில் பெரும்பாலானோர் சிறுநீர்த் தொற்றினாலும் படுக்கைப் புண்ணினாலும் இறந்துபோனார்கள். ஹிட்லரின் ஜேர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் 1944இல் ஸ்ரோக் மண்டெவில் என்ற இடத்தில் அத்தகையோருக்கான பிரிவைத் தொடங்கினார். குறித்த நேரத்தில் சிறுநீரை வெளியேற்றுவது, உடலை அசைப்பது, பயிற்சி கொடுப்பது, விளையாட வைப்பது ஆகியவற்றை ஒரே சிகிச்சையாக அவர் இணைத்தார். பராலிம்பிக் விளையாட்டுகள் அங்கிருந்துதான் பிறந்தன. பின்னர் 1972இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜாக் லப்பிடெஸ் என்ற சிறுநீரக மருத்துவரும் அவரது குழுவினரும் இன்னொன்றைச் சொன்னார்கள். குழாயைச் செலுத்துவதற்குச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குரிய கிருமியகற்றல் அவசியமில்லை. சுத்தமாகக் கழுவிய கையும் சுத்தமான குழாயும் போதும். நேரம் தவறாமல் செய்வதுதான் முக்கியம் என்றார்கள். அன்றைய மருத்துவ உலகம் அதிர்ந்தது. ஆனால் அதன் பின்னர் எத்தனையோ பிள்ளைகளின் சிறுநீரகங்கள் பிழைத்தன. அரை நூற்றாண்டுக்கு முந்தைய இந்த அறிவு, ஒரு துண்டு சவர்க்காரமும் ஒரு குழாயும் கேட்கும் அறிவு, பளையின் ஒரு வகுப்பறைக்குள் இன்னும் நுழையவில்லை.

இனிப் பிசியோதெரபி எனப்படும் இயன்மருத்துவத்துக்கு வருகிறேன். இங்கே இரண்டு தரப்பினருடன் எனக்குச் சண்டை உண்டு.

முதல் தரப்பினர் பயிற்சியால் எல்லாம் குணமாகும் என்று விற்பவர்கள். அந்தத் தாய் ஒரு காலத்தில் தோட்டை அடகு வைத்து, "நரம்புக்கு உயிர் கொடுக்கும்" எண்ணெய்ப் பூச்சுக்காக மாதக்கணக்கில் ஒருவரிடம் அலைந்திருக்கிறார். இடுப்படித் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை 1948இல் ஆர்னல்ட் கேகல் என்ற மருத்துவர் பிரபலப்படுத்தினார். பிரசவத்தால் தசை தளர்ந்த தாய்மாருக்கு அது நல்ல பலன் தந்தது. நரம்பு ஓரளவு தப்பியிருக்கும் பிள்ளைகள் சிலருக்கும் அத்தகைய பயிற்சியும், தோலின் மேலால் கொடுக்கப்படும் மென்மையான மின்தூண்டலும் உதவக்கூடும். ஆனால் முற்றாக அறுந்த நரம்பைப் பயிற்சி ஒட்டவைக்காது. ஒட்டவைக்கும் என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர் வைத்தியர் அல்லர்.

இரண்டாம் தரப்பினர், "குணமாகாது என்றால் இயன்மருத்துவர் எதற்கு?" என்று கைகழுவுகிறவர்கள். இவர்கள் முதல் தரப்பினரைவிட ஆபத்தானவர்கள். ஏனெனில் இவர்கள் பேச்சில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். ஒரு சிறுமி தனக்குத்தானே கதீற்றர் போட வேண்டுமானால் முதலில் அவள் விழாமல் உட்கார வேண்டும். ஒரு கையை ஊன்றாமல் இடுப்பில் சமநிலை வேண்டும். கால்களை விலக்கி வைத்து, கண்ணாடியில் பார்த்து, விரல்களால் நுண்ணிய வேலையைச் செய்ய வேண்டும். ஊன்றுகோலிலிருந்து மலசலகூட இருக்கைக்கு மாறவும் எழும்பவும் தெரிய வேண்டும். மலச்சிக்கல் இருந்தால் குடல் சிறுநீர்ப்பையை நெருக்கும். அதற்கு வயிற்றைத் தடவும் முறையும் இருக்கும் நிலையும் சொல்லித்தர வேண்டும். குழாய் போடும் முறையைத் தாதி கற்பிப்பார். அதைச் செய்யக்கூடிய உடலை ஆயத்தப்படுத்துகிறவர் இயன்மருத்துவர். இரண்டும் சேர்ந்தால் ஆறு, ஏழு வயதிலேயே பல பிள்ளைகள் இதைத் தாமாகச் செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். உலகெங்கும் நடப்பது இதுதான்.

இதன் பொருளைச் சற்றுச் சிந்தியுங்கள். அந்தப் பத்து வயதுச் சிறுமி இதைக் கற்றுக்கொண்டால், வேப்பமரத்தடியிலிருந்து ஒரு தாய் எழுந்து வேலைக்குப் போவார். இன்னும் இரண்டு, மூன்று ஆண்டுகளில் அவள் பெரியபிள்ளையாவாள். அப்போதும் இடைவேளைதோறும் தாய் வந்துதான் உடையை விலக்க வேண்டுமா? ஒரு மனிதப்பிறவியின் மானத்தைப் பற்றியல்லவா பேசுகிறோம்!

சரி, அந்தப் பயிற்சி எங்கே கிடைக்கும்? யாழ்ப்பாணம் பளையிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர். தெற்கே மாங்குளம் ஐம்பது கிலோமீற்றரளவு. நெதர்லாந்தின் உதவியுடன் அங்கே புனர்வாழ்வு மருத்துவத்துக்கென அமைக்கப்பட்ட பிரிவு 2024இல் திறந்து வைக்கப்பட்டது. அதற்கப்பால் என்றால் றாகம புனர்வாழ்வு வைத்தியசாலை, கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. அவை முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். இந்த நாட்டில் சிகிச்சை இலவசம் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் பஸ் இலவசம் அல்ல. இழந்த நாட்கூலி இலவசம் அல்ல. பஸ்சில் இரண்டு மணித்தியாலம் நனைந்த உடையோடு இருக்கும் பிள்ளையைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போகும்போது அந்தத் தாய் கொடுக்கும் விலையை எந்தச் சுகாதார அமைச்சும் கணக்கில் எடுப்பதில்லை. பயிற்சி என்பது ஒரு நாள் காரியமும் அல்ல. வாரத்துக்கு வாரம், மாதத்துக்கு மாதம் தொடர வேண்டியது. ஆகவே பிள்ளை மாங்குளத்துக்குப் போவதா, மாங்குளத்திலிருந்து ஓர் இயன்மருத்துவரும் ஒரு தாதியும் மாதம் இருமுறை பளைக்கு வருவதா? எது சுலபம் என்பதைச் சொல்ல நிபுணர் குழு தேவையில்லை.

2014 மார்ச்சில் யாழ்தேவி மீண்டும் பளைக்கு வந்தபோது மேளதாளத்தோடு வரவேற்றோம். ஏ-9 வீதி கண்ணாடிபோல ஆனது. தென்னைகள் மீண்டும் காய்த்தன. இவை யாவும் நல்லவையே. வடக்கிலும் தெற்கிலும் பேசப்படும் அபிவிருத்தியின் பட்டியலில், ஒரு பாடசாலையின் மலசலகூடத்துக்கு உட்புறத் தாழ்ப்பாள் போடுவது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதே எனது கேள்வி. அந்தச் சிறுமிக்குத் தேவையானவை ஒரு தாழ்ப்பாள், ஒரு குழாய்த் தண்ணீர், கையால் பிடிக்க ஒரு கம்பி, பை வைக்க ஒரு தட்டு. சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் வந்தது. பொதுக் கட்டடங்களின் அணுகுவசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. சக்கர நாற்காலியில் இருந்தபடி கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், புதிய பொதுக் கட்டடங்கள் மலசலகூடம் உட்பட அந்த விதிகளுக்கு அமைய வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரலில் உத்தரவிட்டது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. காகிதத்தில் நாங்கள் சுவீடன்!

"இது வெட்கப்படும் விடயம், வெளியில் பேசலாமா?" என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். மாதவிடாயைப் பற்றிப் பேசவே கூசிய இதே நாட்டில் 2024ஆம் ஆண்டு, பாடசாலை மாணவியருக்கு அணையாடை வாங்க 1,200 ரூபா பெறுமதியான வவுச்சர் கொடுக்கும் திட்டம் வந்தது. வானம் இடிந்து விழவில்லை. பேசத் தொடங்கியதால்தான் அது வந்தது. அதே வகையில் கதீற்றருக்கும் ஏன் ஒரு வழி கூடாது? "அத்தகைய பிள்ளைகள் சிலர்தானே" என்பது அடுத்த நியாயம். சிலர் என்றால் செலவும் சிறிதுதானே?

புலம்பெயர்ந்த நண்பர்களிடமும் ஒரு வார்த்தை. உங்கள் பணத்தால் வன்னியில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது. அதை மறந்தால் நான் நன்றிகெட்டவன். ஆனால் சக்கர நாற்காலி கொடுக்கும்போது படம் எடுக்கலாம், பின்னால் பதாகை கட்டலாம். கதீற்றர் கொடுக்கும்போது படம் எடுக்க முடியாது. அதனால்தானோ என்னவோ, மண்டபங்களில் சக்கர நாற்காலிகள் வரிசையாக நிற்கின்றன, கதீற்றர் பெட்டி ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு நாலைந்து தடவை, வருடம் முழுவதும் வேண்டும். ஒருமுறை பெட்டி நிறைய அனுப்பிவிட்டு மறந்துவிடுவது உதவி அல்ல. 2022இல் நாடு வங்குரோத்தானபோது மருந்துக் கடைகளில் எதுவும் கிடைக்காமல் போனதைப் பார்த்தோம். அந்தத் தாய் ஒரே குழாயைக் கழுவிக் கழுவி எத்தனை நாள் பாவித்தார் என்று சொன்னதை எழுத என் கை வரவில்லை. இன்னொன்று: முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்த பிள்ளைகள் பலருக்கு இறப்பர்ப்பால் பொருட்கள் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். ஆகவே எதை அனுப்புவது என்று வைத்தியரிடம் கேட்டு அனுப்புங்கள்.

அடுத்து, தாயைப் பழிக்கும் நாக்குகள். "மாத்திரை குடித்திருந்தால் இப்படிப் பிறந்திருக்குமா?" என்று அந்தப் பெண்ணிடமே கேட்டிருக்கிறார்கள். கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே நாளுக்கு 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் எடுத்தால் இந்தக் குறைபாடு கணிசமாகக் குறையும் என்பது உண்மை. போலிக் அமிலம் இந்தக் குறைபாட்டைத் தடுக்க உதவும் என்பதை 1991இல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஐயமறக் காட்டியது. எல்லாக் குழந்தைகளையும் அது காக்காது என்பதும் உண்மை. கர்ப்பம் என்று தெரிய வருவதற்கு முன்பே, முதல் நாலு வாரங்களிலேயே, முதுகு மூடவேண்டிய காலம் முடிந்துவிடும் என்பதும் உண்மை. இதைத் திருமணமான ஒவ்வொரு பெண்ணுக்கும் முன்கூட்டிச் சொல்லுங்கள். பிள்ளை பிறந்த பின் தாயிடம் சொல்வது அறிவுரை அல்ல, கொடுமை.

கடைசியாக என் மீதே ஒரு குற்றச்சாட்டு. போர் முடிந்த பின்னர், முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர்களைப் பற்றி ஓர் இளம் நிருபர் கட்டுரை எழுதி வந்தார். சிறுநீர் கழிக்கும் சிரமம் பற்றி அதில் இரண்டு பந்திகள். "காலையில் தேநீரோடு வாசிக்கிற பத்திரிகை, தம்பி" என்று சொல்லி, சிவப்புப் பேனையால் அந்த இரண்டு பந்திகளையும் வெட்டினேன். அந்தக் கட்டுரையில் உயிர்காக்கும் செய்தி அந்த இரண்டு பந்திகளில்தான் இருந்தது என்பது, வேப்பமரத்தடியில் அந்தப் பை திறக்கப்பட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த நிருபர் இன்று எங்கிருந்தாலும் என்னை மன்னிக்கட்டும்.

அந்தப் பந்திகளில் இருந்தவர்களே இன்று நமது பெரிய செல்வம். மாங்குளத்தில் 'உயிரிழை' என்ற பெயரில் முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்டோர் தாங்களாகக் கூடி ஓர் அமைப்பை நடத்துகிறார்கள். சிறுநீரகத்தைக் காப்பது எப்படி, புண் வராமல் இருப்பது எப்படி என்பதைத் தங்கள் உடலிலேயே கற்றவர்கள் அவர்கள். 2009இல் சிறுமியாகக் காயப்பட்டு இன்று தன் வாழ்க்கையைத் தானே நடத்தும் ஓர் இளம்பெண், பளையின் பத்து வயதுச் சிறுமிக்கு அருகில் அரைமணி நேரம் அமர்ந்து பேசினால், எந்தக் கையேட்டாலும் முடியாததைச் செய்வாள். அவர்களுக்குப் போக்குவரத்துப் பணமும் மரியாதையான ஒரு கொடுப்பனவும் கொடுத்து இயன்மருத்துவரோடு அனுப்புங்கள். ஆசிரியர்களுக்கு ஒரு மணித்தியால விளக்கம் கொடுங்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் "பழக்கினால் சரிவரும்" என்ற வாக்கியம் ஒழியும். பிள்ளைக்கு வருடந்தோறும் சிறுநீரக ஸ்கான் எடுக்கப்படுகிறதா என்று குடும்பநல உத்தியோகத்தர் கேட்கட்டும். இவற்றில் எதற்கும் அரசியலமைப்புத் திருத்தம் தேவையில்லை.

விடைபெறும்போது பாடசாலை விட்டுச் சிறுமி வெளியே வந்தாள். ஊன்றுகோலை மரத்தில் சாய்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வகுப்பாலை சுற்றுலாவுக்குக் கண்டி போகினம், தாத்தா. அம்மா இல்லாமலும் நான் போவன்தானே?" என்று கேட்டாள். தாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. போகலாம், மகளே, தாராளமாகப் போகலாம். உனக்குக் கற்றுத்தர வேண்டியதை நாங்கள் கற்றுத்தந்திருந்தால் இந்தக் கேள்வியையே நீ என்னிடம் கேட்டிருக்கமாட்டாய்.

அடுத்த முறை நான் பளைக்குப் போகும்போது அந்த வேப்பமரத்தடியில் யாரும் இருக்கக்கூடாது.